பிரேக் பிடிக்காத காது

மும்பை செம்பூரில் ஒரு மருத்துவமனையின் காதுப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில், நான் திமிர் பிடித்தவள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. கூப்பிட்டால் திரும்ப மாட்டேனாம், ஜோக் சொன்னால் சிரிக்க மாட்டேனாம். உண்மையில் அந்த இரைச்சலில் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. ஆடியோகிராம் என்ற கேட்புச் சோதனையில் காது பழுதில்லை என்று வந்துவிட்டதால் புத்திதான் மந்தம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வேலையோ கான்ட்ராக்ட். போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஓ.ஏ.இ. மெஷின் வந்தது. காதில் சின்னப் புரோப் ஒன்றை வைத்து 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்தால், உட்காது மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அதே நேரம் மறு காதில் இரைச்சலை விட்டால், மூளை நரம்பு வழியாக உட்காதை 'கொஞ்சம் அடங்கு' என்று அதட்டும். எதிரொலி கடுகளவு குறையும். அந்தக் கடுகைத்தான் அளக்கிறோம். நாங்கள் வைத்த பெயர் பிரேக் டெஸ்ட். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்க இந்த பிரேக் உதவுகிறது என்பார்கள். நோயாளி கை தூக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். அதனால் நடிக்கவும் முடியாது.

1. மெஷின் கோளாறு

மெஷின் சரியாக இருக்கிறதா என்று முதலில் டெக்னீஷியனின் காதில்தான் பார்ப்போம். என் காதில் எதிரொலி ஜம்மென்று வந்தது. மறு காதில் இரைச்சலை விட்டேன், எதிரொலியைக் காட்டும் ஸ்கிரீன் கோடு அசையவில்லை. புரோபை மாற்றினேன், அதன் நுனியில் மாட்டும் ரப்பர் டிப்பை மாற்றினேன், காதையும் மாற்றினேன். புது மெஷினே கோளாறு என்று கம்பெனிக்கு போன் போட்டேன்.

சர்வீஸுக்கு வந்த ரஹீம் என்னைப் போலவே தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். தன் காதிலேயே புரோபைச் செருகிக்கொண்டார். கோடு அழகாக இறங்கியது.

"மெஷின் நல்லாத்தான இருக்கு அக்கா. நீங்க ஒருக்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். இறங்கவில்லை. ரஹீம் ஸ்கிரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல என்னத்தக்கா எழுத?"

"மெஷின் ஓகேன்னு எழுதுங்க தம்பி."

காதை அளக்க வந்தவளின் காதே சரியில்லை என்றால் யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்?

2. கேன்டீன் ஃபேன்

எங்கள் பிரிவின் தலைவி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த மேடம். ரஹீமின் ரிப்போர்ட் அவர் கைக்குப் போகுமுன் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கேன்டீன் கதை உட்பட.

"நாளைலேருந்து வர வேண்டாமா மேடம்?"

"ஏன்? கண்ணாடி போட்ட கண் டாக்டர்கிட்ட நீ போனதே இல்லையா?" என்றார். பிறகு நிதானமாக, "இதனாலதான் உனக்குக் கூட்டத்துல புரியலைன்னு இந்த ஒரு நம்பரை வெச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆராய்ச்சி பண்றவாளே இன்னும் சண்டை போட்டுண்டிருக்கா. ஆனா நீ சொல்றதை நான் நம்பறேன். அதுக்கு மெஷின் வேண்டாம்."

அன்று மதியம் கேன்டீனில் மேடம் சாப்பாட்டு டப்பாவோடு என் மேசைக்கு வந்தார். என்னைச் சுவரோரம் உட்காரவைத்து எதிரில் அமர்ந்தார். தலைக்கு மேல் கடகடவென்று ஓடிய ஃபேனை நிறுத்தச் சொன்னார். மும்பை மே மாதம். எல்லோரும் முறைத்தார்கள்.

"வேர்த்தா வேர்க்கட்டும்," என்று சாப்பிட ஆரம்பித்தார்.

யாரோ ஒரு ஜோக் சொன்னார். முதல் முறையாகச் சரியான இடத்தில் சிரித்தேன். படு மட்டமான ஜோக். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்காக அந்த மேசையில் இருந்தவர்கள் அன்று சிந்திய வேர்வைக்கு நான் இன்னும் நன்றி சொல்லித் தீரவில்லை.

இப்போது நான் சீனியர். புதிதாகச் சேர்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: புரோபைக் கையில் எடுக்குமுன் ஃபேனை நிறுத்துங்கள். நேற்றுகூட தாராவி லெதர் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்தார்.

"டெஸ்ட்ல காது நல்லாருக்காம். கூப்பிட்டா மட்டும் கேக்காத மாரி நடிக்காவ," என்றார்.

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனையும் ஏசியையும் அணைத்தேன், நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டேன்.

"இப்பச் சொல்லுங்கண்ணே. நான் நம்புதேன்."

அவர் நிமிர்ந்து மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.