அண்ணனுக்குச் சொல்லாத ஊசி

என் அண்ணனை நான் ஏமாற்றினேன். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை எங்கே அடித்தாலும் இந்த வாக்கியம் தொண்டைவரை வந்து நிற்கும். இன்று உங்கள் முன் துப்புகிறேன்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டவைத்த வருடம். அண்ணன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். மூத்திரப்பையில் புற்று, எலும்புவரை பரவியிருந்தது.

திருச்சியில் டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். ஆண் ஹார்மோன் சுரப்பைத் தடுக்கும் ஊசி, வேறொரு புற்றுக்குப் போடுவது, இதற்குக் கேட்குமா என்று இப்போதுதான் சோதிக்கிறோம் என்றார். ஆண்மை போய்விடும், மார்பு பருக்கலாம், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், வலிக்கான வைத்தியம் நிற்காது. நீங்கள் தமிழ் வாத்தியார், அவருக்குப் புரிகிறபடி சொல்லிக் கூட்டி வாருங்கள் என்றார்.

தமிழ் வாத்தியார்! உடம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாய்க் கவிதை எழுதுகிறவன்... அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. எங்கள் வீடுகளில் அண்ணன் தம்பி அதைப் பேசுவதில்லை. மச்சானாக இருந்தால் கேலியோடு கேலியாகச் சொல்லியிருப்பேன்.

"புது ஊசிண்ணே. கட்டியச் சுருக்கிடும்" என்றேன்.

எல்லாம் புரிந்ததா என்று டாக்டரம்மா அவரிடமே கேட்டார். "தம்பி சொல்லிட்டான்" என்று கையெழுத்துப் போட்டார்.

கூச்சம் மட்டும்தானா? இல்லை... தெரிந்தால் வேண்டாமென்பார் என்று எனக்குத் தெரியும். அவர் பிழைக்க வேண்டும் என்பது என் ஆசை. அவரைக் கேட்காத ஆசை!

சில மாதங்களில் பம்புசெட்டில் சட்டையோடு குளிக்கத் தொடங்கினார். "என்னண்ணே, சட்டைக்கும் சோப்பா?" என்று கூட்டாளி டிரைவர்கள் சிரித்தார்கள். கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டார். தன் மேல் என்ன கோபமென்று கேட்டுச் சொல்லும்படி அண்ணி என்னிடம் மன்றாடினார். நோயின் அசதி என்றேன். அவர் நம்பவில்லை. கடைசிக் காலத்தில் புருஷன் தன்னை வெறுத்துவிட்டார் என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களிடம் சொல்ல முடிகிறது, அண்ணியிடம் முடியவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று பாருங்கள்.

ஊசி கேட்கவில்லை. எலும்பு வலி கூடிக்கொண்டே போனது.

எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு இது. பெரம்பலூர் பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊசி போட்டதுலேர்ந்து நான் நானா இல்லடா. ஊசி பண்ற வேலையா இது?"

"இல்லண்ணே. நோவு பண்றது."

பிடி தளர்ந்தது.

"அப்ப சரி. பஸ் போயிடப் போவுது, கிளம்பு. அடுத்த ஊசிக்கும் நீயே வந்து கூட்டிட்டுப் போ."