தெய்ஜி தன் மகனுக்கு ஊர் காட்டிய ஞாயிறு

இனோகுச்சி தெய்ஜியைப் போல வாய் ஓயாமல் பேசுகிற ஊமையை நான் பார்த்ததில்லை. எங்கள் பழைய வணிகர் தெருவைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது, சுற்றுலாச் சங்கம் கொடுத்த நீலச் சட்டையும் ஒரு சின்னக் கொடியும்தான். கொசுவலை விற்றுப் பணக்காரரானவர் வீடு எது, கால்வாயில் எந்தப் படித்துறையில் பாய்க்கட்டுகள் படகேறின என்று மணிக்கணக்காகச் சொல்வார். தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லத் தெரியாது.

அவர் வீட்டுக்கு அடுத்தது என் கடை. கிழங்கு மாவில் செய்த சிவப்புக் கொன்யாகுவை வேகவைத்து விற்கிறேன், நாலு மேசை போட்டு மதியச் சாப்பாடும் உண்டு. தெய்ஜி, கோரைப்பாய் மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கில் வேலை பார்த்தார். கிடங்கை மூடினார்கள். பிறகு மனைவி ஃபுசாயே போய்ச் சேர்ந்தாள். போன பனிக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், விடிந்து நான் போய்ப் பார்க்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"தூங்கற நேரத்துல உங்களை எப்படி எழுப்பறது, தமாயோ சான்?" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

இனி தனியாக இருக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்று, ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் முதியோர் இல்லம். இல்லையென்றால் நகோயாவில் மகன் யசுஹிகோவின் வீடு. இல்லம் என்ற பேச்செடுத்தாலே தெய்ஜிக்கு முகம் வெளுத்துவிடும். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அவன் கூப்பிட்டா போயிடுவேன்."

"கூப்பிடலேன்னா நீங்களே கேளுங்க. அழுத பிள்ளைக்குத்தான் பால்."

"எழுபத்தாறு வயசுல அழுதா யாரும் பால் தரமாட்டாங்க. துடைச்சுக்கத் துணிதான் தருவாங்க."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யசுஹிகோ மனைவி சிகுசாவோடு வந்தான். காலையில் வந்து மாலையில் திரும்புகிற பயணம். அவள் வடக்கே ஹொக்காய்தோக்காரி, கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஊரைச் சரியாகப் பார்த்ததில்லை. தெய்ஜி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொடியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"நாங்க ரெண்டு பேர்தானே. கொடி எதுக்குப்பா?" என்றான் மகன்.

"தொலைஞ்சு போயிடுவீங்க."

என் கடைக்கு எதிரில் இருக்கும் பாலத்தில் நின்று மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ப் பசங்க சின்ன வயசுலேயே தோள்ல சரக்கைத் தூக்கிக்கிட்டு வெளியூர் போயிடுவாங்கம்மா. நல்லாச் சம்பாதிச்சு, கடைசியில வீட்டுக்கே வந்துடுவாங்க."

"நானும் அதைத்தானே செஞ்சேன்?" என்றான் யசுஹிகோ.

"நீ பாதிதான் செஞ்சிருக்க."

சிகுசா சிரித்துவிட்டாள். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் என் கடைக்குச் சாப்பிட வந்தார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டதும் சரி என்பது மானக்கேடு. வாசலில் நிற்பவரை "உள்ளே வாங்க" என்றால், "இல்லை, பரவாயில்லை" என்பார். மறுபடி கூப்பிட்டாலும் அதே பதில்தான். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால், மனசாரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று செருப்பைக் கழற்றுவார். முதல் அழைப்பு வாய்க்கு, இரண்டாவது ஊருக்கு, மூன்றாவதுதான் ஆளுக்கு. இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. யசுஹிகோவும் இதில்தான் வளர்ந்தான்.

"அப்பா, எங்களோட நகோயா வந்துடறீங்களா?" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"வேண்டாம்டா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார் தெய்ஜி. வாய்தான் மறுத்தது. முகம் பூராவும் மலர்ந்திருந்தது.

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. வாங்களேன்."

"உங்க வீடு சின்னது. நான் இங்கேயே எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டுச் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நான் கெட்டிலைப் பிடித்தபடி நின்றேன். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாக இல்லை, அப்போது கும்பிட்டேன்.

யசுஹிகோ தேநீரைக் குடித்து முடித்தான். "சரி, உங்க இஷ்டம்" என்றான்.

சிகுசாவுக்கு எங்கள் கணக்கு தெரியாது. "நிஜமாவே வேண்டாமா? மாடியில ஒரு அறை சும்மாதான்..." என்று ஆரம்பித்தாள். அவன் அவள் கையைத் தொட்டான். "அவர்தான் சொல்லிட்டாரே. கிளம்பு, பஸ் வந்துடும்." பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அவர்கள் பின்னாலேயே சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். நிறுத்தத்தில் அவனைத் தனியாக இழுத்தேன். "இந்த ஊர்ல பொறந்தவன்தானே நீ? இன்னொரு தடவை கேட்டா உன் வாய் என்ன வெந்தா போயிடும்?"

"தெரியும், அத்தை. தெரிஞ்சுதான் ரெண்டோட நிறுத்தினேன்." பஸ் வருகிற திசையைப் பார்த்தான். "கேட்கலேன்னு பேர் வரக் கூடாது. அவர் வரவும் கூடாது. என்னால பார்த்துக்க முடியாது, அத்தை."

அறைந்திருப்பேன். ஆனால் அவனும் நரைத்துப்போய், தோள் சரிந்து நின்றான். கோபம்கூட எனக்கு முழுசாக வரவில்லை.

திரும்பி வந்தபோது தெய்ஜி மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். "பஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"பாவம், ரெண்டு தடவை கேட்டானே. அதுக்கே அவனுக்கு வேர்த்திருக்கும்."

சோறு பாதி அப்படியே இருந்தது.

இலையுதிர் காலத்தில் இல்லத்தில் சேர்ந்தார். அங்கே எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவைதான் கேட்கிறார்கள். "குளிக்கறீங்களா?" என்பாள் பணிப்பெண். இவர் "பரவாயில்லம்மா" என்பார். அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு முப்பது கிழவர்கள். இன்னும் கொஞ்சம் சோறு என்றாலும் அப்படித்தான். போகப் போக ஆள் பாதியாகிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல் தடவையே சரின்னு சொல்லித் தொலைங்களேன்."

"சொல்லிப் பார்த்தேன், தமாயோ சான்" என்றார். "நேத்து யசுஹிகோ போன் பண்ணினான். புத்தாண்டுக்கு வரட்டுமாப்பான்னு கேட்டான். உடனே வாடான்னுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அப்புறம் பேசறேன்னு போனை வச்சுட்டான்."

புத்தாண்டு அன்று, தொண்டையில் சிக்காதபடி மொச்சி என்கிற ஒட்டும் அரிசிப் பலகாரத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டு, சூப் வைத்து எடுத்துக்கொண்டு நான் போனேன். தெய்ஜி சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நீங்களா, வாங்க" என்றார்.