லாரிக்கு அல்ல, கிருபாவுக்கு: ஒரு கார்செட்டுக்காக மாட்டுங்கா, தாராவி, செம்பூர்

விக்டோரியா ராணி காலத்துப் பெண்களின் உள்ளாடைகளை, அன்றைய அளவிலும் அன்றைய தையலிலும் வீட்டிலேயே தைப்பவள் நான். இதைச் சொன்னால் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள், மீதிப் பேர் "யார் போடுவாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செம்பூரில் என் வீட்டு டம்மியைத் தவிர இதுவரை யாரும் போட்டதில்லை. போன ஆகஸ்டில்தான் முதல்முறையாக உயிருள்ள ஓர் ஆள் கிடைத்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு பொருள் தேடி ஒரு சனிக்கிழமை முழுக்க மும்பைக்குள் சுற்றிய கதை இது. இதே மாதிரி தைக்க நினைப்பவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த ஆள் கிருபா. என் பள்ளித் தோழி. தாராவியில் வளர்ந்து, இப்போது கோவண்டியில் இருக்கிறாள். அவர்கள் சர்ச் சபை நாடகங்களில் அவள் மேடையேறினால் கடைசி வரிசைக்கும் மைக் தேவைப்படாது. இரண்டு வருடம் முன்பு புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அவள் கணவருக்கும் எனக்கும் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்த சிலிக்கான் துண்டு கனம். தோள்பட்டை வலிக்கும், கையைத் தூக்கினால் இடம் மாறிவிடும். மேடையில் அப்படி ஆகிவிட்டால் என்ற பயத்தில் நடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

இந்த முறை நாடகத்தில், தெற்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய வெள்ளைக்காரி வேஷம். நாடகம் போடும் தங்கராஜ் அண்ணாச்சி அவளைத்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள். அந்த வெள்ளைக்காரி உள்ளே கார்செட் போட்டிருப்பாள், கார்செட் தோளில் தொங்காது, இடுப்பில் உட்காரும் என்று நான்தான் சொன்னேன். முதுகுப் பக்கம் கயிறு கோத்துக் கட்டும் இறுக்கமான சட்டை அது. நிமிர்ந்து நிற்க உள்ளே வரிசையாகப் பட்டைகள் செருக வேண்டும். முதலில் திமிங்கல வாயிலிருந்து எடுத்தார்கள், பிறகு எஃகு. வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த பட்டைகள் வந்து சேரவில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை.

காலை ஒன்பதரைக்கு செம்பூர் ஸ்டேஷன். ஹார்பர் லைனில் குர்லா, அங்கே ஸ்லோ லோக்கல் மாறி மாட்டுங்கா. வண்டியில் கிருபா கேட்டாள், "கார்செட்ட இறுக்கிக் கட்டியாச்சு. பொறவு பாத்ரூம் போணும்னா அந்த வெள்ளக்காரி என்னளா செய்வா?" டிராயரின் இரண்டு காலையும் நடுவில் தைக்காமலே விட்டிருப்பார்கள், எதையும் அவிழ்க்க வேண்டாம் என்றேன். எதிர் சீட்டு அம்மா எங்கள் பக்கமே பார்க்கவில்லை. தமிழ் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டுங்காவில் வேஷ்டிக் கடை. கார்செட்டுக்கு அடியில், உடம்பை ஒட்டிப் போடும் செமீஸுக்கு மெல்லிய பருத்தித் துணி வேண்டும். இறக்குமதித் துணிக்கு அலைய வேண்டாம். கரை போடாத நயம் வேஷ்டியைக் கேளுங்கள். கடைக்காரர் பிரித்துக் காட்டியபோது துணிக்கு அடியில் என் கைரேகை தெரிந்தது. அறுபது எழுபது வருடச் சலவையைத் தாங்கிய அந்தக் காலச் செமீஸ்களைப் படத்தில் பார்த்து ஏங்கியிருக்கிறேன். அதே துணி மாட்டுங்கா மார்க்கெட்டில், தாம்பூலத் தட்டில் வைப்பதற்காக அடுக்கியிருக்கிறது. "சாருக்கு என்ன சைஸ்?" என்று கேட்டார் கடைக்காரர். சார் இல்லை என்று சொல்லி வாங்கி வந்தோம். எழுநூற்று ஐம்பது ரூபாய்.

மாட்டுங்காவுக்குள் ஆட்டோ வராது, டாக்ஸிதான். நாங்கள் மறுபடி ரயிலேறி ஒரு ஸ்டேஷன் பின்னால் வந்து, சயானில் இறங்கி தாராவிக்கு நடந்தோம். தோல் பை தைக்கும் பட்டறைகளில் கண் அடிக்கும் மெஷின் உண்டு. கயிறு கோக்கும் ஓட்டைக்கு வைக்கும் உலோக வளையத்தைத்தான் அங்கே கண் என்பார்கள். நான் தைத்துக் கொண்டுபோன முதுகுப் பக்கம் இரண்டுக்கும் அரை மணி நேரத்தில் கண் வைத்துக் கொடுத்தார்கள். இது என்ன பை என்று யாரும் கேட்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் சந்துக்குள் கொஞ்சம் நடந்தோம். தலைக்கு மேலே கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கிருபா சும்மா அண்ணாந்து பார்த்துப் பெயர் சொன்னாள். "சிம்மீஸு, பாடி, டிராயரு, பெட்டிகோட்டு. மழ வரப் போவுது, எவளும் எடுக்க வரலயே." நான் நின்றுவிட்டேன். என் தையல் புத்தகங்களில் உள்ள பட்டியல் அது. செமீஸ்தான் நம் சிம்மீஸ். டிராயர் அதே டிராயர். கார்செட்டின் பழைய பெயரே பாடி என்பதுதான். உலகம் எங்கோ மறந்துபோனதை நான் ஒருத்தி தோண்டி எடுத்துத் தைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நம் வீட்டுப் பெண்கள் தினமும் துவைத்து, அந்தப் பெயர்களையும் விடாமல் உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள். பத்து வயதில் கடைக்காரர் காதில் மட்டும் விழும்படி முணுமுணுத்த 'பாடி' என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை வயது இருக்கிறது.

இனி எஃகுப் பட்டைதான் பாக்கி. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஆட்டோ பிடித்தோம். கிருபா பேசியதைக் கேட்டதுமே ஓட்டுநர் திருநெல்வேலித் தமிழில் பதில் சொன்னார். அந்தத் தைரியத்தில் கேட்டேன், பாடிக்கு வைக்க ஸ்டீல் பட்டி எங்கே கிடைக்கும் என்று.

"பாடிக்கா? எத்தன அடி வேணும்?"

"அடியெல்லாம் வேண்டாம். பதிமூணு இஞ்சு போதும்."

"பதிமூணு இஞ்சுல என்ன பாடி அது, அக்கா? சின்ன டெம்போவா?" கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். "சரி, ஒரு எடம் இருக்கு. ஏக்தம் மஜ்பூத்தா, நல்ல உறுதியா கட்டுவாங்க. எங்க மச்சான் பாடி அங்கதான் கட்டினாரு."

அவர் மச்சான் எதற்குப் பாடி கட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவரும் நாடகக்காரராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு கிலோமீட்டர் இருக்கும். செம்பூரைத் தாண்டி, வாஷி நாக்கா தாண்டி, டேங்கர் லாரிகள் நிற்கும் மாகுல் ரோட்டில் ஒரு தகர ஷெட் முன்னால் நிறுத்தினார். உள்ளே தோல் உரித்த மாதிரி நாலைந்து லாரிகள், வெறும் எலும்புக்கூடாக நின்றன. "இறங்குங்கக்கா. பாடி ஷாப்பு."

கிருபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டுநர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். நான், "அது வந்து அண்ணே, தையல் வேலை, துணிக்குள்ள..." என்று மென்று விழுங்கினேன். கிருபா என் கையை விலக்கிவிட்டுச் சொன்னாள்.

"லாரிக்கு இல்லண்ணே. எனக்கு. எடது பக்கம் ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. நாடகத்துல நிக்கணும்லா, அதுக்கு உள்ள போடுத பாடிக்குத்தான் பட்டி தேடுதோம்."

இரண்டு வருடமாகச் சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லாதவள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கினார்.

"அப்பம் முனை குத்துமேக்கா. ரவுண்டா அடிக்கச் சொல்லுதேன்" என்று உள்ளே போய், ஷெட்காரரிடம் ஹிந்தியில் பேசினார்.

மூட்டைகளை இறுக்கிக் கட்டும் எஃகுப் பட்டை அங்கே சுருள் சுருளாகக் கிடந்தது. வளைத்துப் பார்த்தேன். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. இதுதான் வேண்டும். வெட்டி, முனைகளை மழுக்கிக் கொடுத்ததற்கு எல்லாம் சேர்த்து நூறு ரூபாய். ஆட்டோவுக்குக் காத்திருந்ததோடு இருநூற்று இருபது.

சாயங்காலம் என் வீட்டில் முனைகளுக்குத் துணி டேப் சுற்றி, ஒவ்வொன்றாகச் செருகி வாய் தைத்தேன். மீந்த வேஷ்டித் துணியில் இலவம் பஞ்சு வைத்து, இடது பக்கத்துக்கு ஒரு திண்டு. அந்தக் காலத்துப் பெண்களும் குறைகிற இடத்தில் இப்படிப் பஞ்சு வைத்துத்தான் தைத்தார்கள். கயிற்றை மெதுவாக இழுத்துக் கட்டினேன். கிருபா கண்ணாடியைப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"ஏளா, தோள்ல ஒண்ணுமே இல்லளா."

பிறகு நாடகத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்த வெள்ளைக்காரி பேசும் வசனத்தை முழுக்குரலில் சொன்னாள். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு வெட்டுமுறை, ஒரு வேஷ்டி, லாரி ஷெட்டின் பட்டை, இவை சேர்ந்து ஒரு மனுஷியை இப்படி நிறுத்த முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் போனை எடுத்து, "அண்ணாச்சி, வேற ஆளு பாக்காதீங்க" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு வேண்டாம், ஹார்பர் லைனில் மெகா பிளாக் என்று பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவார்கள். பட்டை துருப்பிடிக்கும், துவைக்கும் முன் உருவிவிடுங்கள். அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம், யாராக இருந்தாலும் மூச்சு முட்டக் கட்ட வேண்டாம். ஆட்டோவில் பாடி என்று சொல்லாதீர்கள். முக்கியமாக, ஒரு பக்கத்தை அளந்து மறுபக்கத்துக்கு அதையே வெட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக உள்ள உடம்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறையில் பெண்கள் கிருபாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த இடுப்பு, அந்த நிமிர்வு எப்படி வந்தது என்று கேட்டார்கள். கிருபா கயிற்றைத் தளர்த்தி, இடது பக்கத் திண்டை வெளியே எடுத்து, இதனால்தான் என்று முதல் பெண்ணின் கையில் கொடுத்தாள். திண்டு கை மாறிப் போனது. கடைசியாக வாங்கிய பெண்ணை எனக்குத் தெரியாது. டோம்பிவிலியிலிருந்து வந்தவர் என்றார்கள். மற்றவர்கள் கலைந்த பிறகும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை. என் பக்கத்தில் வந்து, புடவைத் தலைப்பை வலது பக்கம் இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கு இந்தப் பக்கம்" என்றார்.