என் நிச்சயதார்த்தத்தில் அத்தை கேட்ட கேள்வி

என் நிச்சயதார்த்தப் புகைப்படங்களில் ஒன்றில் யாருமே என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை உட்பட. எல்லாக் கண்களும் ஓரத்தில் பிரியாணித் தட்டோடு நிற்கும் என் அத்தையின் மேல் இருக்கின்றன. அந்தப் படம் எடுப்பதற்குச் சற்று முன்புதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லிங்கராஜபுரத்தில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை, அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் இருபது வருடமாக நர்ஸ். மலம், மூத்திரம், சீழ் எல்லாம் அவருக்குக் காய்கறி விலை மாதிரி. எங்கே வேண்டுமானாலும் பேசுவார். அதனால் அன்று காலையிலேயே அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வார்டு கதை வேணாம்" என்று கேட்டுக்கொண்டார். அத்தையும் தலையாட்டினார். சாப்பாட்டு நேரம் வரை வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

மாப்பிள்ளையின் அப்பா, தொழிற்சாலையில் ஃபோர்மேன், கலகலப்பான மனிதர். மாடி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். "லிஃப்ட் வெச்சீங்கன்னாதான் பொண்ணக் கூட்டிட்டுப் போவோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பிரியாணித் தட்டை நீட்டியபோது, வாங்க வந்த கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"அண்ணா, பாத்ரூம் போறப்ப ரத்தம் போகுதா?"

எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணம் இதோடு நின்றுவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "போகுது சிஸ்டர். ஆறு மாசமா. முதல்ல பீட்ரூட் பொரியல் சாப்பிட்டதால இருக்கும்னு நெனச்சேன். அப்புறம் மூலம்னு விட்டுட்டேன்" என்றார்.

"ஆறு மாசமாவா? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார் அவர் மனைவி.

"இதப் போயி எப்படிச் சொல்றது?"

அத்தை அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூலமாவே இருக்கலாம், நெறைய பேருக்கு அதான். ஆனா உங்களுக்கு அதான்னு யாரு பாத்துச் சொன்னாங்க?" என்றார். பேண்ட் தொளதொளவென்று ஆகிவிட்டதையும், கொஞ்ச காலமாக ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி என்று இருப்பதையும் அவரிடமிருந்து மெல்லப் பிடுங்கினார். "வயசு அம்பதத் தாண்டிருச்சு, எளச்சிருக்கீங்க, உடம்புல ரத்தம் இல்ல. இனிமே வீட்ல வெச்சுப் பாக்குற விஷயம் இல்ல இது. திங்கக்கிழமை காலைல எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. அதுக்குள்ள ரத்தம் நெறைய போச்சுன்னாலோ, தார் மாதிரி கருப்பா போச்சுன்னாலோ, தலை சுத்துச்சுன்னாலோ திங்கக்கிழமைன்னு காத்திருக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போயிருங்க."

திங்கட்கிழமை போனார். குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய்தான், ஆனால் பரவவில்லை, சீக்கிரம் எடுத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. உறவினர்கள் ராசி, சகுனம் என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவோ, "பிள்ளைங்க கல்யாணம் முடியட்டும், அப்புறம் வெட்டிக்கிறேன்" என்று பிடிவாதமாக இருந்தார்.

நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். "கல்யாணம் நடக்கப்போற சர்ச் வாசல்ல பதினெட்டுப் படி இருக்கு மாமா. நிக்காம ஏறிக் காட்டுங்க, அன்னிக்குக் கல்யாணம் வெச்சுக்கலாம்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆஸ்பத்திரி அத்தையோட மருமகதான் நீ" என்றார். அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஐந்து மாதம் கழித்து எங்கள் கல்யாணத்தன்று பதினெட்டுப் படியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

அப்போதே டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: மகன் நாற்பது வயதில், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நாற்பது வந்ததும் என் கணவர் ஆபீஸ் வேலையைக் காரணம் காட்டி நழுவிக்கொண்டே இருந்தார். எழுபதைத் தொட்டிருந்த மாமனாரே தேதி வாங்கி, ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிப்போனார். முதல் நாள் பேதி மருந்தும் பட்டினியுமாகச் சுருண்டு கிடந்த மகனைப் பார்த்து வழியெல்லாம் சிரித்தாராம். குடலில் இரண்டு சின்னச் சதை வளர்ச்சிகள் இருந்தன; அங்கேயே எடுத்துவிட்டார்கள். பெரிதாக வளரவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் தலையை ஆட்டினார். அது அவருக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மசாலா தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மாமியார் இரவுச் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டதுதான் தாமதம், அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, மருந்து குடித்ததில் இருந்து கடைசியாகக் கழிவறைக்குப் போனது வரை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். மாமியார் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார்.