பெயரில்லாதவர் பார்க்கிறார்

மணிமேகலையின் காலைக் காபி எப்போதும் ஆறித்தான் வாய்க்குள் போகும். பாப்பிரெட்டிப்பட்டியில் வீடு கட்டிக் கொடுக்கும் இளம்பரிதி என்ஜினீயரின் ஆபீசைப் பார்த்துக்கொள்பவள் அவள். எந்த வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வேலைக்கு ஓர் அட்டை, அதில் ஒரு போட்டோ. வேலை ஓடும்வரை அட்டை 'நடக்கிறது' பக்கத்தில் இருக்கும்; முடிந்தால் 'முடிந்தது' பக்கம் தள்ளிவிடலாம். வெங்கடாசலத்தின் சொந்தக்காரர்களைத்தான் எந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை.

வெங்கடாசலம் வீடு கட்டினால் அவர் மட்டுமா கட்டுகிறார்? பெங்களூரில் தம்பி, தருமபுரியில் மச்சான், பென்னாகரத்தில் சித்தப்பா. "ஏம்மா, சன்னலுக்கு மேல லிண்டல் போட்டாச்சா?" "படி எந்தப் பக்கம் பாத்து ஏறுது?" காபிக்கு முன் ஒரு போன், காபியோடு ஒரு போன்.

பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் சாப்ட்வேரைக் குடைந்தாள். லிங்க் வைத்திருக்கும் யாரும் லாகின் இல்லாமலே பார்க்கலாம், ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று ஒரு வசதி இருந்தது. சொந்தபந்தத்தால் நொந்த எவனோ ஒரு மகராசன்தான் இதைச் செய்திருக்க வேண்டும். 'பார்க்க மட்டும்' என்பதை அமுக்கி, லிங்கை வெங்கடாசலத்துக்கு அனுப்பினாள். அவர் அதைக் குடும்ப குரூப்பில் போட்டார்.

போன் நின்றது. மணிமேகலை காபியைச் சூடாகக் குடித்தாள். நாக்கு வெந்தது. பழக்கமில்லை.

சனிக்கிழமை வெங்கடாசலத்தின் மனைவி நிர்மலா போனை நீட்டிக்கொண்டே ஆபீசுக்குள் வந்தாள்.

"இதென்ன கண்ணு, மூலையில 'பெயரில்லாதவர் பார்க்கிறார்'னு வருது? யாரு அது?"

"லாகின் இல்லாம பாக்கறவங்க எல்லாரையும் அப்படித்தாங்க்கா காட்டும். உங்க சொந்தக்காரங்கதான்."

"எந்தச் சொந்தம்?"

"அது தெரியாதுங்க."

"தெரியாதவன் என் வூட்டப் பாத்துக்கிட்டு இருக்கானா? நேர்ல வந்தா மூஞ்சியப் பாத்து வெச்சுக்கிட்டு, அவங்க போனதும் உப்பு மொளகா சுத்திப் போடுவேன். இவன் எப்ப வரான் எப்ப போறான்னே தெரியலையே!"

"அவங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க்கா. பாக்கத்தான் முடியும்."

"பாக்கறதுதான் புள்ள வெனையே! நாலு செங்கல்லத் தூக்கிட்டுப் போனாக்கூடப் போவுதுன்னு வுட்டுருவேன். இத மூடு. மூடலைன்னா திங்கக்கெழம காங்கிரீட்டு கெடையாது."

மொட்டைமாடிக் காங்கிரீட். ஆளுக்கும் மிஷினுக்கும் சொல்லியாகிவிட்டது. நின்றால் இளம்பரிதி இவளைத்தான் கேட்பார். மணிமேகலை மூடினாள்.

நிர்மலா செருப்பு மாட்டுவதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. பென்னாகரத்துச் சித்தப்பா. "லிங்க் தொறக்கலையே, என்னத்த மறைக்கறீங்க?" வைத்ததும் நிர்மலாவின் கையிலிருந்த போன் அடித்தது. பெங்களூர்த் தம்பி. "ஏன் அண்ணி, உங்க வூட்ட நாங்க பாக்கக் கூடாதா? செரி, திங்கக்கெழம வேன் எடுத்துக்கிட்டு எல்லாரும் நேர்லயே வரோம்."

வேன் என்றதும் நிர்மலா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேருக்கும் சோறு யார் ஆக்குவது?

மணிமேகலை யோசித்தாள். கட்டடத்தின் முன்னால் ஒரு திருஷ்டி பொம்மை தொங்குகிறது. பழைய லுங்கி, வைக்கோல் வயிறு, நாக்கைத் துருத்திய பானைத் தலை. அது ரோட்டைப் பார்த்துத் தொங்கி என்ன செய்ய? கண்ணெல்லாம் போனுக்குள் அல்லவா இருக்கிறது! ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பொம்மையைப் போட்டோ பிடித்து வந்து, 'நடக்கிறது' பக்கத்தில் எல்லா அட்டைக்கும் மேலே ஒரு புது அட்டையாக, திறந்ததும் முகத்தில் அறைகிற மாதிரி ஏற்றினாள். மறுபடி 'பார்க்க மட்டும்'.

நிர்மலா போனைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"நாக்கு நல்லா வந்திருக்குது. இன்னுங் கொஞ்சம் பெருசா வராதா?"

பெரிதாக்கிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காங்கிரீட் விழுந்தது. வேன் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆவி பறக்கும்போது, பெங்களூரிலிருந்து போன்.

"ஏம்மா, 'நடக்கிறது' பக்கத்துல மொத அட்டையில ஒரு பொம்ம தொங்குதே. மத்ததெல்லாம் நகருது, அது மட்டும் அங்கயே இருக்குது. அந்த வேல எப்ப முடியும்?"

"கிரகப்பிரவேசத்தன்னைக்குங்க."

"அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்?"

"உங்களத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கும்" என்றாள், ஏடு படிந்த காபியை ஒரு விரலால் விலக்கியபடி.