ஒல்லிப் புத்தகத்துக்குச் சிவப்புப் பட்டை

உள்ளறையிலிருந்து ‘சர்ர்’ என்று எதையோ உரிக்கிற சத்தம் வந்தது. டீச்சர் வீட்டுக் கூடத்தில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்களும் அதைப் பொருட்படுத்தவில்லை.

“என் பொண்ணு மக்குன்னு பட்டை ஒட்டியே ஊருக்குச் சொல்லிட்டீங்களே அண்ணி, இப்ப குளிர்ந்துச்சா?” என்றாள் தம்பி மனைவி. செருப்பைக்கூட அவள் கழற்றவில்லை.

“யாரும்மா மக்குன்னு சொன்னா? மஞ்சள் பட்டைப் புத்தகத்தைத்தான் அவளால திக்காம படிக்க முடியுது.”

“பக்கத்து வீட்டுப் பையன் சிவப்பு. மாடிவீட்டு வாலுகூட நீலம். நூலகச் சாவியே அத்தை கையில, இவளுக்கு மட்டும் மஞ்சளா? சொந்தம்னு எதுக்கு இருக்கீங்க, போட்டோவுல நிக்கவா?”

பட்டை டீச்சர் பல்லைக் கடித்தாள். தொடக்கப்பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. தம்பியை ஆளாக்குவதிலேயே கல்யாண வயது கரைந்துபோனவள். எளிய புத்தகத்துக்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு நீலம், கடினமானதற்குச் சிவப்பு என்று பட்டை ஒட்டிவைப்பாள். புத்தகம் கேட்டு வரும் பிள்ளையிடம், “ஒரு பக்கம் படி கண்ணு. தெரியாத வார்த்தை வந்தா ஒரு விரலை மடக்கிக்கோ” என்பாள். கை முழுக்க மூடிவிட்டால் அந்தப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடும்; வேறொன்று வரும். தலைமையாசிரியர் தன் பேரனுக்குச் சிவப்பு கேட்டபோதுகூட அவள் மசியவில்லை.

ஒரே ஒரு பிழை செய்துவிட்டாள். அடுக்குவதற்கு வசதி என்று பட்டையைப் புத்தகத்தின் முதுகில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டாள். பிள்ளைகளோ அதை ஒருவர் நெற்றியில் ஒருவர் ஒட்டிவிட்டார்கள். ‘ஏய் மஞ்சள்!’ என்ற கூப்பாட்டுக்குப் பயந்து தம்பி மகள் விளையாடவே போவதில்லை. இது தெரிந்திருந்தும் மன்னிப்பு என்ற சொல் டீச்சரின் தொண்டையைத் தாண்டவில்லை. போயும் போயும் இவளிடமா?

“பக்கத்து வீட்டுப் பையனோட சிவப்புப் புத்தகத்தை இரவல் வாங்கித் தினமும் அவளை உட்கார வைக்கிறேன். விரலை மடக்கினா ஸ்கேலாலேயே ஒண்ணு!”

“அடிக்கிறியா?” டீச்சரின் குரல் உடைந்தது. “கையைப் பின்னால ஒளிச்சுக்கிட்டுப் படிச்சாளே, இதுக்குத்தானா? பாவி, புத்தகத்தைப் பார்த்தாலே அந்தக் குழந்தை நடுங்குது!”

“பெத்தவளுக்குத் தெரியாததைப் பெறாதவங்க சொல்ல வந்துட்டீங்க.”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“முடிவாச் சொல்றேன். இன்னிக்கு அவ கையில சிவப்பு வரலைன்னா, உங்க நூலகப் பக்கம் அவ தலைவச்சுப் படுக்க மாட்டா.”

அப்போது உள்ளறைக் கதவருகே குழந்தை வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிற அறை அது; பட்டைச் சுருள்களும் அங்கேதான் இருந்தன.

“அத்தை, நான் இதை எடுத்துக்கறேன்.”

தொப்பி தொலைத்த கரடிக்குட்டியின் கதை. நூலக மூலையில் உட்கார்ந்து அவள் விழுந்து விழுந்து சிரித்த ஒரே புத்தகம். அதன் முதுகில் கோணல்மாணலாக, காற்றுக் குமிழியோடு, சிவப்புப் பட்டை! பிஞ்சு நகத்தில் மஞ்சள் துணுக்கு ஒட்டியிருந்தது.

தாய் வெடுக்கென்று பிடுங்கினாள். “சிவப்புதான்... ஆனா என்ன இவ்ளோ ஒல்லியா இருக்கு?” அட்டையைத் திறக்கப் போனாள்.

குழந்தையின் முகம் வெளிறியது. அத்தையைப் பார்த்த அந்தப் பார்வை! எந்தப் பிள்ளைக்காகவும் பட்டையின் நிறத்தை மாற்றிச் சொல்லாதவள், அந்தப் பார்வையில் நொறுங்கிப்போனாள்.

“கஷ்டமான புத்தகம்னா குண்டாத்தான் இருக்கணுமா?” என்று சீறினாள். “திறந்து பார்த்து நீ என்ன கிழிக்கப் போற? சிவப்பு கேட்ட, சிவப்பு கிடைச்சாச்சு. எடுத்துக்கிட்டுக் கிளம்பு!”

தாயின் காது சிவந்தது. பாதி திறந்த அட்டையைப் படாரென்று மூடினாள். “என்னா திமிரு! இதை முதல்லயே கொடுத்திருந்தா நான் ஏன் இந்தப் படியேறப் போறேன்? இனிமே செத்தாலும் வர மாட்டேன்.”

“வரவே வேணாம். படிச்சதும் அவளைப் பள்ளிக்கூடத்துல கொண்டுவந்து தரச் சொல்லு. வேற சிவப்பு தர்றேன்.”

மகளின் ஒரு கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தாய் வாசலுக்கு நடந்தாள். குழந்தையின் இன்னொரு கை, தாயின் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் மெல்ல உயர்ந்தது. ஒரு விரல்கூட மடங்காமல் விரிந்திருந்தது.

டீச்சரின் கண்கள் குளமாயின.

“பின்னால என்னடி பார்வை? நட!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.