விருந்தாளிக்காக உறிஞ்சிக் குடித்த கஞ்சி

இரண்டு வருடத்துக்கு முன்பு, கம்பத்தில் நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, ரமலானில் ஒரு மாலை நடந்தது இது. எங்கள் வீட்டுக்கு எதிரே பஞ்சர் கடை. அதன் முன் ஒரு வெளிநாட்டு அக்கா சைக்கிளோடு நின்றிருந்தார். குமுளியிலிருந்து இறங்கி வரும்போது டயர் போய்விட்டது. கடைக்காரரோ நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், எங்கள் சமூக அறிவியல் டீச்சர். எந்த நாட்டுப் பாடம் வந்தாலும், அங்கே பிறந்திருந்தால் நீ எப்படிச் சாப்பிடுவாய், பெரியவர்களுக்கு எப்படி மரியாதை செய்வாய் என்று தேடிப் படித்து வரச் சொல்வார். வகுப்பில் பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள். கேரளாவைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. ஆனாலும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்சிகோவைப் பற்றிச் சண்டை போடுவோம்.

அந்த அக்காவை வீட்டுக்குக் கூப்பிடவா என்றதும் அம்மா தயங்கினார். "நோன்பு தொறக்குற நேரத்துல வந்தவுக மனசு கோணி எந்திரிச்சுப் போயிரக் கூடாது. அவுகளுக்கு எது சரி, எது தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன், சட்டென்று.

முகத்தை வைத்து ஜப்பான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அங்கே நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சினால் சமைத்தவருக்குப் பாராட்டு என்று வகுப்பில் பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான். உறிஞ்சினாலே அம்மா திட்டும் வீட்டில், அன்று எல்லோரும் உறிஞ்ச வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

அக்காவைக் கூட்டி வந்து உட்காரவைத்ததும் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் தின்றுவிட்டுக் கஞ்சியை எடுத்தோம். மிளகு வியாபாரியான அத்தா தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சினார். அண்ணன் அவரையும் மிஞ்சினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கூச்சத்தோடு ஒரு உறிஞ்சல்.

அந்த அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மா என்னை முறைத்தார். என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊர் வியட்நாமாம். இப்படி உறிஞ்சினால் அவருடைய அம்மா முதுகில் ஒன்று வைப்பாராம்.

அதைத் தமிழில் சொன்னதும்தான் அம்மாவுக்கு உயிர் வந்தது. "பாத்தியா, அவுக அம்மாவும் என்னைய மாதிரிதான்" என்று அந்தக் கோப்பையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அத்தாவும் விடவில்லை. "வியட்நாமா? எங்க மிளகு விலைய எறக்குறதே உங்க ஊருதான்னு சொல்லு புள்ள."

சொன்னேன். தன் மாமாவும் மிளகுதான் போட்டிருக்கிறார், அவரும் விலை இல்லையென்றுதான் புலம்புகிறார் என்றார் அக்கா. பிறகு பஞ்சர் கடைக்காரர் வந்து கூப்பிடும்வரை அத்தா அவரை விடவில்லை. மொழிபெயர்த்தே எனக்குத் தொண்டை வறண்டது.

மறுநாள் இதைக் கேட்டு டீச்சர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் மூட்டிவிட்ட ஆசையும் குறையவில்லை, புதிதாக யாரைப் பார்த்தாலும் இன்றும் ஓடிப்போய் நிற்கிறேன், ஆனால் எனக்குத் தெரிந்ததை அளப்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல எப்படி?" என்று கேட்டுவிடுகிறேன்.